தகுதியை அளக்கும் கோல்கள்: திருச்சிராப்பள்ளியின் கல்லூரி வாசல்களில் நியாயமும் உரிமைக்கோரலும்

1. கேள்வி

திருச்சி நகரை நடுவில் வைத்துச் சில பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள், பிளஸ் டூ முடித்த ஒரு மாணவிக்கு முன்னால் எத்தனையோ வாசல்கள் இருக்கின்றன. துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் (என்.ஐ.டி.) நுழைய ஜே.இ.இ. மெயின் தேர்வு வேண்டும். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு நீட். நவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட். அதே ஊரில் உள்ள வேளாண்மைக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகத்துக்கும் அப்படியே. ஒரே மாணவி, ஒரே ஆண்டில், ஒரு வாசலில் முதல் வரிசையிலும் இன்னொன்றில் தகுதியற்றவளாகவும் நிற்க முடியும். அவளுடைய அறிவு காலைக்கும் மாலைக்கும் இடையே மாறிவிடவில்லை. அளக்கும் கோல்தான் மாறியிருக்கிறது.

ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் நாம் கேட்கும் பேச்சு, தகுதி என்பது ஆளுக்குள் இருக்கும் நிலையான பொருள் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. “எனக்குச் சேர வேண்டிய சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்” என்ற வாக்கியத்தை ஸ்ரீரங்கத்திலும் கேட்கலாம், தில்லைநகரிலும் கேட்கலாம், துறையூரிலும் கேட்கலாம். சொல்பவர் சாதியைப் பொறுத்து ‘வேறொருவர்’ மாறுவார். அந்த உரிமைக்கோரல் எங்கிருந்து வலுப்பெறுகிறது, அது எவ்வளவு தூரம் ஏற்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்ற பழகிய இரு அணிகளும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு என்பது என் கருத்து. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சாதியைப் பற்றிப் பேசத் தெரிந்த நமது சேர்க்கைச் சட்டம், ஊரையும் பள்ளியையும் பற்றிப் பேச மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது.

2. முதலில் வந்தவர்கள்

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. 1919இல் தேசியக் கல்லூரி, 1923இல் பெண்களுக்கான ஹோலி கிராஸ், 1951இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமியும், 1965இல் பெரியாரின் நன்கொடையால் அரசுக் கல்லூரி, 1966இல் பிஷப் ஹீபர் என்று கல்லூரிகள் வரிசையாக வந்தன. இந்த வரிசையை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு சமூகமும் படிப்பின் வாசலை எட்டிய கால அட்டவணையாகவும் அதை வாசிக்கலாம்.

முதலில் எட்டியவர்கள் காவிரிக்கரைப் பிராமணக் குடும்பங்கள். எழுத்துப் பழக்கமும், நிலவருவாயும், ஆங்கிலக் கல்வி அரசுப் பணிக்கு இட்டுச்செல்லும் என்ற ஊகமும் ஒன்றுசேர்ந்து அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பின. இக்குடும்பங்கள் கிராமத்து நிலத்திலிருந்து நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு நகர்ந்த கதையை ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014இல் வெளியான ‘தமிழ் பிராமன்ஸ்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் மாகாண சிவில் சர்வீசுக்கு 1892 முதல் 1904 வரை தூய போட்டித் தேர்வு நடந்தபோது தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர் என்ற கணக்கை 1916இன் பிராமணர் அல்லாதார் அறிக்கை முன்வைத்தது. மாகாண மக்கள்தொகையில் பிராமணர் மூன்று விழுக்காடு அளவே. தேர்வில் எவரும் ஏமாற்றவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் முடிவு இப்படி வந்ததற்குக் காரணம், தேர்வு அளந்தது ஒரு தலைமுறையின் முயற்சியை மட்டுமல்ல, அதற்கு முந்திய தலைமுறைகளின் சேமிப்பையும் சேர்த்து என்பதுதான்.

1950களின் தொடக்கத்தில் புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த இருவரை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர், பாட்டி வீட்டில் இருந்து ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் படித்து வந்த ரங்கராஜன், பின்னாளைய சுஜாதா. மற்றவர் ராமேசுவரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிய அப்துல் கலாம். இருவரும் அடுத்துச் சென்றதும் சென்னை எம்.ஐ.டி.க்குத்தான். கலாம் அங்கு சேரக் கட்ட வேண்டிய பணத்துக்கு அவருடைய தமக்கை தன் நகைகளை அடகு வைத்ததைக் கலாமே பதிவு செய்திருக்கிறார். ஒரே வகுப்பறை இருவரையும் ஏற்றுக்கொண்டது என்பது பெருமைக்குரியது. ஆனால் அந்த வகுப்பறைக்கு வந்துசேர்ந்த தூரம் ஒன்றல்ல. ஒருவருக்குக் கல்லூரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. மற்றவர் ராமேசுவரத்திலிருந்து வர வேண்டியிருந்தது; அடுத்த கல்லூரிக்கு நகையும் அடகுக்குப் போனது. சேர்க்கைப் பட்டியலில் இந்தத் தூரத்தைப் பதிவுசெய்யும் பத்தி எதுவும் கிடையாது.

3. 1951: வழக்கும் அதன் மொழியும்

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அன்றைய ஆணையின் சொல்லில் ‘அரிஜனங்களுக்கு’ 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜனும் சி.ஆர். சீனிவாசனும் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. சீனிவாசன் 450க்கு 369 மதிப்பெண் வாங்கியவர். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. தமிழகம் கொந்தளித்தது, இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிரிவு பிறந்தது.

இந்த வரலாறு பல முறை எழுதப்பட்டுவிட்டது. பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு செய்தி தீர்ப்பின் தொடக்கப் பத்திகளிலேயே இருக்கிறது. அன்று மாகாணத்தின் 330 மருத்துவ இடங்களும் 395 பொறியியல் இடங்களும், வெளிமாநிலத்தவர்க்கும் அரசின் விருப்புரிமைக்கும் ஒதுக்கியவை போக, நான்கு மாவட்டத் தொகுதிகளுக்கு இடையே முதலில் பிரிக்கப்பட்டன. சாதிப் பங்கீடு அதற்குப் பிறகுதான். அதாவது, அந்தப் பழைய முறைக்கு இரண்டு கண்கள் இருந்தன: எந்தச் சமூகம், எந்த ஊர். வழக்காடியவர்கள் தாக்கியது முதல் கண்ணை. இரண்டாவது கண்ணைப் பற்றி அன்று சண்டை எழவில்லை.

4. சட்டம் ஏற்காத ஊர்

இரண்டாவது கண் 1968இல் மூடப்பட்டது. மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப மருத்துவ இடங்களைப் பிரித்த சென்னை மாநில விதியை எதிர்த்த ராஜேந்திரன் வழக்கில், சாதிப் பட்டியலைக் கொண்டு பிற்பட்டோரை அடையாளம் காண்பது சரி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே தீர்ப்பில் மாவட்டவாரிப் பங்கீடு சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால் சென்னை நகர மாணவர்கள் அளவுக்கு மீறிய இடங்களைப் பெற்றுவிடுவார்கள் என்று மாநில அரசு வாதிட்டுப் பார்த்தது. எங்கிருந்தாலும் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பதே நோக்கமாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் விடை. 1970இல் பெரியகருப்பன் வழக்கில், கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்துத் தனித்தனியே தேர்ந்தெடுத்த முறையும் விழுந்தது. 75 மதிப்பெண் வரை நேர்காணலுக்கு ஒதுக்கியிருந்த காலம் அது. அந்த வகையில் வழக்கு ஒரு நன்மையும் செய்தது: நேர்காணல் அறையில் நடந்த தயவு தாட்சண்யங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

1974இல் உத்தரப் பிரதேசம் தொடர்பான பிரதீப் டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராமப்புற ஒதுக்கீட்டை மறுத்தது. மலைப்பகுதிகளுக்கும் உத்தரகண்டப் பகுதிக்குமான ஒதுக்கீட்டை மட்டும் ஏற்றது. தமிழ்நாடு 1990களின் பிற்பகுதியில் தொழிற்கல்வியில் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கு 15 விழுக்காடு தந்து, 2001இல் அதை 25 ஆக உயர்த்தியபோது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நீதிமன்றங்களின் அச்சம் பொருளற்றதல்ல. ‘கிராமம்’ என்ற வகைக்குள் நூறு ஏக்கர் பண்ணையாரின் மகனும் அடங்குவான். முகவரியை மாற்றிக்கொள்வதும் எளிது. சாதியை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் இந்த வழக்குகளின் மொத்த விளைவு ஒரு விபரீதமான எளிமைப்படுத்தலாக முடிந்தது. ஒரு மாணவருக்கு நேர்ந்த குறைபாட்டைச் சட்டம் காண வேண்டுமானால் அது சாதியின் வடிவில்தான் வர வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் சாதிப் பட்டியலுக்குள்ளேயே போட்டி கூர்மையானது. 1970இல் அறிக்கை தந்த சட்டநாதன் ஆணையம், பிற்பட்டோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காடே உள்ள ஒன்பது சாதியினர், அப்பட்டியலுக்குரிய பொறியியல் இடங்களில் 44 விழுக்காட்டையும் மருத்துவ இடங்களில் 47 விழுக்காட்டையும் பெற்றிருப்பதைக் காட்டியது. 1989இல் மிகவும் பிற்பட்டோர்க்கு 20 விழுக்காடும், பின்னர் முஸ்லிம்களுக்கும் அருந்ததியர்க்கும் உள்ஒதுக்கீடும் வந்தது இந்த உண்மையை ஏற்றதால்தான். மாநிலத்தின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டை இன்றும் உறுதியுடன் ஆதரிக்கும் நான், அதன் உள்ளே நடக்கும் பங்கீட்டைப் பற்றிய கேள்வியைத் துரோகமாகக் கருதும் மனநிலையை ஏற்க முடியாதவன்.

5. இரண்டு வாசல்களும் மாறிய ஆண்டு

துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது இடங்களில் பாதி தமிழ்நாட்டுக்கு, பாதி பிற மாநிலங்களுக்கு என்று இருந்தது. 2003இல் அது என்.ஐ.டி. ஆன பிறகும் அந்தப் பாதிப் பங்கு தொடர்கிறது. மாறியது கோல். முன்பு மாநிலத்தின் முறையில் நிரம்பிய பாதி, இப்போது அகில இந்தியத் தேர்வின் தரவரிசையில் நிரம்புகிறது. நேர்மாறாக, தமிழ்நாடு 1984 முதல் நடத்திவந்த தன் சொந்த நுழைவுத் தேர்வை, அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2007இல் கைவிட்டது. அதுவரை 300க்குக் கணக்கிட்ட கட் ஆஃப் 200க்கு வந்தது. ஆகவே பத்தாண்டுக் காலம் திருச்சி மாணவர் எதிர்த்திசையில் நகரும் இரு முறைகளுக்கு இடையே நின்றார்.

2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. 2017இல் அந்த எடை நீக்கப்பட்டது. அதே 2017இல்தான் நீட் தமிழ்நாட்டின் மருத்துவ இடங்களுக்கு முழுமையாக வந்தது. திருச்சியின் பெரிய வாசல்கள் இரண்டிலும், பள்ளியில் படித்த படிப்புக்கு இருந்த மதிப்பு ஒரே ஆண்டில் அற்றுப்போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், 1200க்கு 1176 பெற்ற அனிதா உயிரை மாய்த்துக்கொண்டார். நீட்டில் அவர் பெற்றது 720க்கு 86. இரு எண்களில் எது உண்மையான அனிதா என்று அப்போது பலர் விவாதித்தார்கள். அந்த விவாதமே தவறான இடத்தில் தொடங்கியது. முதல் எண், அவருக்குக் கிடைத்த பள்ளியை அவர் எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தினார் என்பதைச் சொன்னது. இரண்டாவது எண், அவருக்குக் கிடைக்காத பயிற்சியைச் சொன்னது.

நீட்டின் விளைவை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த கணக்கு இங்கே முக்கியமானது. மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த தமிழ்வழி மாணவர் பங்கு 2016-17இல் 14.88 விழுக்காடு, அடுத்த ஆண்டே 1.6, 2020-21இல் 1.99. மறுமுறை தேர்வெழுதிச் சேர்ந்தவர்கள் 12.47 விழுக்காட்டிலிருந்து 71.42 ஆனார்கள். இந்த இரண்டாவது எண்ணையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஓராண்டு, இரண்டாண்டு வீட்டில் உட்கார்ந்து பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட எந்தக் குடும்பத்தால் முடியும்? எந்தக் குடும்பம் மகனுக்கு அந்த ஆண்டைத் தந்து மகளுக்குத் தர மறுக்கும்? காத்திருக்கும் வசதியும் தகுதியின் ஒரு பகுதியாகிவிட்டது.

குழு, நீட்டை எதிர்க்கும் அரசு அமைத்தது என்பதைச் சொல்லி அதன் எண்களைத் தள்ளிவிடுவோர் உண்டு. எண்கள் சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து வந்தவை; அமைத்தவர் யார் என்பதால் அவை மாறா. ஆனால் நீட்டுக்கு முந்திய முறையைப் பொற்காலமாக்கும் எழுத்தையும் ஏற்பதற்கில்லை. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை மனப்பாடம் செய்யவைத்த நாமக்கல் பாணிப் பள்ளிகள் அந்த முறையின் பிள்ளைகள். அக்காலத்திலும் ஆண்டுக்குச் சில பத்து அரசுப் பள்ளி மாணவர்களே மருத்துவம் சேர்ந்தனர். இதை 14.88 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீட்டால் இடம் இழந்த தமிழ்வழி மாணவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியினர் அல்லர். உதவிபெறும் பள்ளிகளிலும் சிறு தனியார் பள்ளிகளிலும் படித்தவர்கள் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

6. ஏழரை விழுக்காடு

கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது; கூடவே, அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தி ஐந்தாண்டில் மறுஆய்வு செய்யவும் சொன்னது. மாவட்டமும் கிராமமும் தோற்ற இடத்தில் பள்ளி வென்றது. 1968இல் மூடிய கண் பாதியேனும் திறந்தது என்று இதைச் சொல்லலாம்.

பாதிதான். உதவிபெறும் பள்ளிகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நூறாண்டு கடந்த உதவிபெறும் பள்ளிகள் பல உள்ள திருச்சி போன்ற நகரத்தில் இது சிறிய விடுபடல் அல்ல. கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் இருவர் ஒரே தெருவிலிருந்து கிளம்பி, ஒருவர் மாநகராட்சிப் பள்ளிக்கும் மற்றவர் கட்டணமில்லாத உதவிபெறும் பள்ளிக்கும் போகிறார்கள். ஏழாண்டு கழித்து ஒருவருக்கு மட்டும் தனி வாசல் திறக்கிறது. முந்திய பகுதியில் சொன்னபடி, நீட் அதிகம் வெளியேற்றியது இந்த இரண்டாமவரைத்தான். பள்ளி நிர்வாகத்தின் உரிமையாளர் யார் என்பதைவிட, மாணவரிடம் கட்டணம் வாங்காத பள்ளியா என்பது நியாயமான அளவுகோலாக இருக்கும் என்பேன்.

7. துவாக்குடியும் பச்சைமலையும்

மாநிலச் சட்டம் துவாக்குடி வாசலை எட்டாது. என்.ஐ.டி.யில் மத்திய அரசின் விகிதங்களே செல்லும்: பிற பிற்பட்டோர் 27, பட்டியல் சாதி 15, பழங்குடி 7.5, பொருளாதார நலிவுற்றோர் 10. இந்த எழுத்துப்பூர்வமான பழங்குடிப் பங்குக்கு நிஜத்தில் என்ன பொருள் என்பதை 2024 ஜூலை காட்டியது. திருச்சி மாவட்டத்திலேயே உள்ள பச்சைமலையைச் சேர்ந்தவர் உள்பட, அரசுப் பழங்குடியினர் பள்ளிகளில் படித்த மாணவிகள் ஜே.இ.இ. தேறித் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தனர். அந்நிறுவனத்தின் அறுபது ஆண்டில் இப்படிச் சேரும் முதல் பழங்குடி மாணவிகள் என்று நாளிதழ்கள் எழுதின. வாழ்த்துகள் குவிந்தன, அவை நியாயமானவை. ஆனால் ஒதுக்கீடு இருந்தும், பாதி இடம் மாநிலத்துக்கென்று இருந்தும், துறையூருக்கு மேலே ஏறும் மலைக்கும் துவாக்குடிக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க இத்தனை பதிற்றாண்டுகள் ஆயின என்பது அந்த வாழ்த்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி. ஒதுக்கீடு இருக்கையைக் காப்பாற்றி வைக்கும்; அந்த இருக்கைவரை வரும் வழியை அமைத்துத் தராது. வழியை அமைப்பது பள்ளியும் ஆசிரியரும் விண்ணப்பத் தகவலும் பயிற்சியும். அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும், என்.ஐ.டி. மாணவர்களே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜே.இ.இ. பயிற்சி தரும் ‘இக்னைட்’ குழுவும் செய்வது இதைத்தான். படித்து உள்ளே போனவர்கள் வெளியே நிற்பவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவதை, எந்தத் தீர்ப்பையும்விட நம்பிக்கை தரும் செயலாகக் காண்கிறேன்.

8. ஸ்ரீரங்கத்தின் வாதம்

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கர்யத்தை நம்பி வாழும் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை, மாநிலக் கல்லூரிகளில் 31 விழுக்காட்டுப் பொதுப்பிரிவில் எல்லோரோடும் போட்டியிட வேண்டும். பொருளாதார நலிவுற்றோர் ஒதுக்கீட்டை மாநிலம் செயல்படுத்துவதில்லை. ‘என் தாத்தாவின் காலத்து ஆதிக்கத்துக்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?’ என்று அவன் கேட்டால் அதை ஆணவம் என்று ஒதுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகையும் நல்ல பள்ளியும் அரசு கடன்பட்டிருக்கிறது.

அவனுக்கு இருக்கை கடன்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. மத்திய அரசின் 10 விழுக்காடு ஆண்டுக்கு 8 லட்சம் வருமானம் வரை நீள்கிறது. கோயில் பணியாளரின் பிள்ளைக்கு முன்னால் அதிகாரியின் பிள்ளை வந்துவிடும். மேலும், சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து 2019இல் ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ எழுதிய அஜந்தா சுப்பிரமணியன் காட்டியபடி, முன்னேறிய சாதியார் தங்கள் சாதியைச் சொல்லாமலே அதைத் ‘தகுதி’ என்ற பெயரில் உரிமையாக்கிக்கொள்ள முடிகிறது. இடம் கிடைக்காதபோது வட இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நகரும் வழி அவர்களுக்கு இருந்தது, பச்சைமலைக்கு இருந்ததில்லை. 1994க்குப் பிறகு பல ஆண்டுகள், 69 விழுக்காட்டால் இடமிழந்ததாகக் கருதப்பட்ட பொதுப்பிரிவினர்க்கு உச்ச நீதிமன்ற ஆணைப்படி கூடுதல் இடங்களே உருவாக்கப்பட்டன. பறிபோன தமிழ்வழி இடங்களுக்கு ஈடாக எந்த நீதிமன்றமும் கூடுதல் இடம் உருவாக்கச் சொன்னதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் இனத்தைக் கருதும் சேர்க்கையைத் தடுத்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் சலுகையை அத்தீர்ப்பு தடைசெய்யவில்லை. நமது உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில், நீட் அகில இந்தியத் தொகுப்பில் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை உறுதிசெய்தபோது, தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது, அதன் பின்னால் சமூக முதலீடு இருக்கிறது என்ற நிலையை எடுத்தது. இந்த ஒப்பீட்டில் நாம் முன்னே நிற்கிறோம். ஆனால் அந்தப் புரிதல் தீர்ப்பில் இருக்கிறதே தவிர, தேர்வின் அமைப்புக்குள் இன்னும் இறங்கவில்லை.

9. விண்ணப்பதாரர் எதைக் கோரலாம்

குறிப்பிட்ட இருக்கை தனக்கே உரியது என்று எந்த விண்ணப்பதாரரும் கோர முடியாது. கோல் மாறினால் அந்த உரிமையும் மாறிவிடுகிறது என்பதை இந்த எழுபத்தைந்து ஆண்டு காட்டுகிறது. ஆனால் விதியை முன்கூட்டியே அறியவும், பணத்தால் வாங்கத்தக்க பயிற்சியை அந்த விதி முதன்மையாக அளக்காமல் இருக்கவும், தன் பள்ளியும் ஊரும் கணக்கில் எடுக்கப்படவும் அவர் கோரலாம். ஜே.இ.இ.யில் 2016 வரை இருந்ததைப் போலப் பள்ளி மதிப்பெண்ணுக்கு எடை தருவது இதற்கு நடைமுறையில் பார்த்த வழி. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பிடுவது இன்னொன்று. நீட்டிலிருந்து விலக்கு கோரும் தமிழ்நாட்டின் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்த இடைவழிகள் மேலும் முக்கியமாகின்றன.

எதைச் செய்வதற்கும் முதலில் கணக்கு வேண்டும். ராஜன் குழு மருத்துவக் கல்லூரிகளுக்குச் செய்ததைத் துவாக்குடி, நவலூர் குட்டப்பட்டு, அண்ணா பல்கலைக்கழக வளாகம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குத்தானே ஆண்டுதோறும் செய்துகொள்ள முடியும்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தமிழ்வழி, எத்தனை பேர் அரசு அல்லது உதவிபெறும் பள்ளி, எத்தனை பேர் குடும்பத்தின் முதல் பட்டதாரி, எத்தனையாவது முயற்சி, எந்த ஒன்றியம். விண்ணப்பப் படிவத்திலும் சான்றிதழ்களிலும் இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அலுவலகத்துக்கு வந்துவிடுகின்றன. பெயர்களை நீக்கி, சேர்க்கை முடிந்த ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும்.